பீரோவிடம் கொடுத்த பரீட்சைப் பணம்

எங்கள் விடுதி அறையில் என் தோழிக்குப் பெயர் கஜானா. கையில் காசு தங்காதவளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். மாதம் பிறந்ததும் மகாராணி மாதிரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பாள். பாதி மாதத்தில் என் சோப்பை எடுத்துக் குளிப்பாள். கேட்டால், "சோப்பு தேயறதுக்குத்தானே இருக்கு?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவள் சிரித்துவிட்டால் கோபம் போன இடம் தெரியாது.

அவள் அப்பா ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு பருவமும் பரீட்சைக் கட்டணத்துக்கு இவள் கடைசி நேரத்தில் போன் போடுவாள். அவர் முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்று முன்பணம் வாங்கி அனுப்புவார். போன விடுமுறையில் அவர் அப்படி நின்றதை இவளே பார்த்துவிட்டாள். விடுதிக்குத் திரும்பியவள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"இந்தத் தடவை அப்பாகிட்ட கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்," என்றாள்.

உட்கார்ந்து பட்ஜெட் போட்டாள். சாப்பாடு, பஸ், சோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை. மாலையில் ஜெராக்ஸ் கடையில் பக்கம் அடுக்கி வாங்கிய கூலி முழுக்கப் பரீட்சை உறைக்குள் போனது. அந்த உறையை மட்டும் என்னிடம் நீட்டினாள். "நான் அழுதாலும் பொரண்டாலும் என் கையில குடுக்காதே. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் பீரோ.

அப்புறம் அவள் செய்த தில்லுமுல்லு இருக்கிறதே! கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு பல்வலி என்று வந்தாள். சிரிப்பு தாங்காமல் பஞ்சைத் துப்பினாள். கடையில் ஒரு ஜோடிக் கம்மலைப் பார்த்த வாரம், "கடைசித் தேதிய முன்னாடியே வெச்சுட்டாங்களாம்," என்று மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் துறை அலுவலகத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்து, வண்டி வண்டியாகத் திட்டினேன்.

ஒரு மதியம் நான் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன், அறை வாசலில் நிற்கிறாள்.

"கடைசித் தேதி இன்னிக்குத்தான். நிஜமாவே மாத்திட்டாங்க. கவுண்டர மூடப் போறாங்க."

"கம்மல் இன்னும் விக்கலையா?"

"அடியே, அது பொய். இது நிஜம்."

"அதையும் நிஜம்னுதான் சொன்னே."

அழுதாள். அழுதாலும் கொடுக்கக் கூடாதே. தரையில் உட்கார்ந்து காலை உதைத்தாள். புரண்டாலும் கூடாது. கடைசியில், "அப்பாகிட்ட மறுபடியும் கேக்க வெச்சிடாதடி," என்றாள். உதைத்த கால் நின்றுவிட்டது. இது நடிப்பில்லை. ஆனால் சத்தியம் சத்தியம்தானே.

"நட. நானே கட்டறேன்," என்றேன்.

தலையில் கட்டிய துண்டோடு ஓடினேன். மாடிப்படியில் அவள் என்னை இழுக்க, தெருவில் நான் அவளை இழுக்க, ஒரு சைக்கிள்காரர் பயந்து ஓரங்கட்டினார். கவுண்டர் பலகையை எழுத்தர் இறக்கப் போகும் நேரத்தில் பரீட்சை உறையோடு கையை உள்ளே விட்டேன்.

"பணம் யாருக்கு?" என்றார்.

"இவளுக்குத்தான் சார். ஆனா இவ கையில குடுக்கக் கூடாது."

"நீ இவளுக்கு என்ன வேணும்?"

"பீரோ சார்."

மேலும் கீழும் பார்த்துவிட்டு ரசீது போட்டார். கஜானா அதற்கும் கை நீட்டினாள். அதையும் தர முடியாது என்றேன். இரண்டு பேரும் அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

அவள் அங்கிருந்தே போன் போட்டாள். "அப்பா, பீஸ் கட்டியாச்சு. என் காசுல."

லேத் இரைச்சலுக்கு நடுவே அவர், "நீ எப்பிடியும் கேப்பேன்னு காலையிலயே முதலாளிகிட்ட வாங்கி வெச்சுட்டேனே கண்ணு," என்றார்.

"திருப்பிக் குடுத்துடுங்கப்பா. இப்பவே. போனை வைக்காம போங்க."

ஒரே போனில் இருவரும் காதை ஒட்டி வைத்துக் கேட்டோம். செருப்புச் சத்தம் நின்றது. முதலாளியின் குரல் வந்தது: "என்னய்யா, பத்தலையா?"

"வேண்டாங்க முதலாளி," என்றார் அப்பா, பட்டறை முழுக்கக் கேட்கும்படி. "எம் பொண்ணே கட்டிட்டா."