சாமி ஏன் இளைத்தது?

போன வெள்ளிக்கிழமை திருப்பதியிலிருந்து நகரியிலிருக்கும் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி – என் அண்ணி.

"சாமி இளைச்சிக்கினே போவுது. இவ தீட்டோட தொட்டிருக்கா," என்றார் அம்மா.

"குளிக்காம நான் பூஜை ரூம் பக்கமே போனதில்ல, அத்தை!"

அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது. இனி விளக்கேற்றக்கூட உள்ளே போகக் கூடாது என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

இளைத்த சாமியைக் கையில் வாங்கினேன். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போனபோது வழிக்கடையில் 'பஞ்சமுகக் கல்' என்று சொல்லி விற்றது. வாங்கியவர் அம்மா.

நான் மீன்வளம் படித்தவள். எதையும் வரிசையாகத்தான் பார்ப்பேன். கல்லின் எடை இல்லை, உள்ளே காலி. மேலிருந்து கீழாக ஐந்து பட்டைகள், அவற்றில் ஊசித் துளைகள். இடையே குட்டிக் குட்டிக் குமிழ்கள் – முள் நின்ற இடங்கள். அடியில் பெரிய ஓட்டை – அதுதான் வாய்.

கடல் முள்ளெலி! கடலடியில் வாழும், உடம்பெல்லாம் முள் உள்ள ஓர் உயிரின் ஓடு. எந்த இனம்? சால்மாசிஸ் என்று தோன்றியது. முள் இருந்தால் அதன் நிறப் பட்டைகளைப் பார்த்துச் சொல்லலாம். இப்படி மொட்டையாக இருந்தால்... கையெழுத்துப் போட மாட்டேன்.

சரி, ஏன் இளைக்கிறது?

"அபிஷேகம் எதுல அண்ணி?"

"பாலு, தேனு, கடைசில எலுமிச்சம்பழச் சாறு. வாராவாரம், அத்தை சொன்னாமாதிரிதான்."

ஓரத்தில் ஒரு சொட்டுச் சாறு விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு ஓடு, புளிப்பு பட்டால் கரையும்.

சாமி இளைத்தால் நாம் முதலில் மருமகளைத்தான் சந்தேகப்படுகிறோம். எலுமிச்சையை யார் விசாரித்தார்கள்?

அம்மா விடவில்லை. "அப்போ செத்த ஜந்துவோட ஓட்டுக்கா இத்தினி நாளா பூஜை பண்ணிக்கினு இருந்தோம்? தூக்கிப் போடுடி!"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூஜை அலமாரியிலிருந்த சங்கைக் காட்டினார்.

"அது மட்டும் என்னா அத்தை, மரத்துலயா காய்ச்சுது?"

அம்மா சங்கைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார்... பிறகு சாமியை வெறும் தண்ணீரில் கழுவி, அண்ணியின் கையிலேயே கொடுத்தார்.

"போ, வெளக்கேத்து."

அன்று மதியம் எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதம்.