தங்கச்சியின் அங்கி

என் தங்கச்சிமேல் எனக்கு இருந்த பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. வருடாவருடம் அந்தோனியார் பெருநாளுக்குக் கொடி ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறும்.

பெருநாளுக்கென்று கோவிலுக்குப் பின்னாலுள்ள மணல்வெளியில் கார்னிவல் வந்து இறங்கும். வங்காலையிலிருந்தும் தாழ்வுபாட்டிலிருந்தும் சனம் லொறி பிடித்து வரும். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதாவது இருக்கும். ஒருமுறை மரக்குதிரை ராட்டினம் வந்தது. மறுவருடம் குதிரைகளைக் காணோம், அந்த இடத்தில் கப்பல் ஊஞ்சல். நாள் முழுக்கக் கடலில் ஆடுகிற எங்கள் ஊர் ஆம்பிளைகள் அதில் ஏறி வாந்தி எடுத்தார்கள். எது வந்தாலும் முதலில் ஏறுகிறவள் தங்கச்சிதான், அதுவும் காசு கொடுத்து ரிக்கெற் எடுக்காமல்.

எல்லாம் அந்த அங்கியால் வந்த வினை. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கடும் வருத்தம் வந்து, டொக்டரும் கையை விரித்துவிட்டாராம். பிள்ளை பிழைத்தால், வளர்ந்து முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுக்கும்வரை பெருநாள்தோறும் அந்தோனியாரின் உடுப்பைப் போட்டுவிடுவதாக அம்மா நேர்த்தி வைத்தார். கபிலநிற அங்கியும் இடுப்பில் வெள்ளைக் கயிறுமாக அவள் வந்தால், நீர்கொழும்புக்காரரான கார்னிவல் முதலாளி கும்பிடாத குறைதான்.

"அந்தோனியார் பிள்ளை முதல்ல ஏறட்டும். பிறகு ஒரு கரைச்சலும் வராது" என்பார்.

அவள் மேலே இருந்து எனக்குக் கை காட்டுவாள். எனக்கு வயிறு எரியும். ஒரு பெருநாளன்று பொறுக்க முடியாமல் அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"எனக்கு ஏன் நேர்த்தி வைக்கேல்லை?"

"உனக்கு ஒரு வருத்தமும் வரேல்லையே, பிள்ளை."

ஒரு தும்மல் தடிமனாவது ஒழுங்காக வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

தங்கச்சி புதுநன்மை எடுத்த வருடம் இராட்சத ராட்டினம் வந்தது. உச்சிக்குப் போனால் இராமேஸ்வரம் தெரியும் என்று பெடியன்கள் புளுகினார்கள். பெருநாள் பூசை முடிந்ததும் அம்மா அவளைச் சுரூபத்துக்கு முன்னால் கூட்டிப்போய், அங்கியைக் கழற்றி மடித்து அந்தோனியாரின் காலடியில் வைத்தார். உள்ளே போட்டிருந்த பூச்சட்டையுடன் தங்கச்சி நேரே ராட்டினத்துக்கு ஓடினாள். முதலாளிக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. ரிக்கெற் எங்கே என்று கேட்டு, வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்.

"எனக்கு அங்கி வேணும்!" என்று அவள் மண்ணில் விழுந்து கத்தினாள். எனக்கு அன்றுதான் பெருநாள்.

அம்மா வந்து அவளைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டார். "இனி வேண்டாமடி, ராசாத்தி. இனி நீயும் எல்லாப் பிள்ளையளையும் போலத்தான்" என்றார். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே எங்கள் இருவருக்கும் ரிக்கெற் எடுத்தார்.

அவர் ஏன் அழுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடமாக எனக்கு நடந்த அநியாயம் அம்மாவுக்கு இப்போதாவது விளங்கியதே என்று நினைத்தபடி, வரிசையில் தங்கச்சிக்கு முன்னால் போய் நின்றேன்.