பதினைந்து நாள் லீவு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பதினாறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு கயிறுகளைச் சோதிக்கிற ஆள். "ஆறு கயிறு இருக்குங்க. ஒன்னு போனாலும் மத்தது தாங்கும்" என்று குடியிருப்பவர்களுக்குத் தைரியம் சொல்வார். அவருக்குப் பயம் விமானம் ஒன்றுதான். அது எந்தக் கயிற்றில் தொங்குகிறது? நினைத்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும். ஐம்பத்தேழு வயதாகியும் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும்தான்.

அவருக்கென்று வாய்த்த மனைவிக்கோ உலகம் சுற்றிப் பார்க்கிற பித்து. லாண்டரியில் துணி மடிக்கிற வேலை. இரண்டு பேருக்குப் பத்து நாள் துணியை ஒரே பெட்டியில் அடக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட மேஜையைத் துடைத்ததும் நீள நோட்டும் உலக வரைபடமும் விரியும். நோட்டில் பக்கத்துக்கு ஒரு பயணம், மொத்தம் பத்தொன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே மாதிரி எழுதியிருப்பாள்: 'ஆட்கள் 2. ஜன்னல் சீட்டு அவருக்கு.' உயரத்திலேயே வேலை பார்க்கிற மனுஷன், மேகத்தையும் மேலே இருந்து பார்க்கட்டுமே என்று.

முதல் பக்கம் லிஸ்பன். அங்கே நடுத்தெருவில் நூறு வயது தாண்டிய இரும்பு லிஃப்ட் ஒன்று நிற்கிறதாம். "உங்களுக்காகத்தான் இந்த ஊர முதல்ல போட்டிருக்கேன். எனக்கென்ன, எந்த ஊரா இருந்தா என்ன?" என்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெக்கானிக்கும் அந்த மத்தியானங்களுக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பார். லிஸ்பனில் மேட்டுத்தெரு ஏறும் டிராமின் நம்பர் அவளுக்கு முன்னால் இவர் சொல்வார். நார்வேக்கு எத்தனை ஸ்வெட்டர் என்று சண்டைகூடப் போடுவார். கனவு காண விமானம் ஏற வேண்டியதில்லையே! ஒரே ஒரு தடவை, "கப்பல்ல போனா என்ன?" என்று கேட்டுப் பார்த்தார். "போய்ச் சேர்றதுக்குள்ள உங்களுக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்" என்று அவள் சிரித்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பதினைந்து நாள் லீவு ஃபாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசல்வரை போனார். கதவில் கையும் வைத்தார். உள்ளங்கை வேர்த்தது. திரும்பி வந்துவிட்டார். வீட்டில் மனைவி வாசலிலேயே நின்று, "என்னங்க, குடுத்தாரா?" என்றாள்.

"இல்லன்னுட்டாரு."

"மனுஷனா அவன்? கல்நெஞ்சன்!"

அந்த ஒரு வார்த்தை அவருக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்று சொல்லி மாளாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதற்கப்புறம் வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். ஒரு முத்திரைகூட விழாமல் இரண்டு பாஸ்போர்ட்டும் இரண்டு தடவை காலாவதியாகி, இரண்டு தடவை புதுசாகின. மேனேஜருக்குக் கால் முறிந்த வருஷம், "எத்தனை பேர் வயித்தெரிச்சலோ" என்றாள். மெக்கானிக் அவளுக்குத் தெரியாமல் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேனேஜர் நல்ல மனுஷர். அதுதான் அவரை அரித்தது.

அந்த மேனேஜர் போன மாதம் ஓய்வு பெற்றார். குடும்பத்தோடு வரச் சொல்லி ஆபீஸில் ஒரு சின்ன விழா. மெக்கானிக் எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். மனைவி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். டீ கொடுக்கிற நேரத்தில் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நல்லா இருங்க. ஆனா ஒன்னு கேக்கணும். இருபது வருஷமா எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பதினஞ்சு நாள் லீவு குடுக்க உங்களுக்கு மனசே வரலையா?"

மேனேஜர் டீ கப்போடு அவள் தோளுக்குமேல் மெக்கானிக்கைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல மெக்கானிக் நின்ற நிலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"தப்பு என்னுதுதாம்மா. மன்னிச்சுக்கோங்க" என்றார் மேனேஜர்.

அப்புறம் மெக்கானிக்கைத் தனியாகத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். திட்டியிருந்தால் தேவலை. "உடம்புக்கு முடியாமப் போனாத்தான் லீவு கேப்பீங்க. உங்களத்தானே நான் எல்லாருக்கும் உதாரணமா சொல்லிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். மேஜையிலிருந்து ஒரு லீவு ஃபாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "இன்னிக்கு வரைக்கும் என் கையெழுத்து செல்லும். தேதி, காரணமெல்லாம் நீங்க போட்டுக்கோங்க."

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் மனைவி, "பாவங்க, முகமே வாடிப்போச்சு. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றாள். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது போதாதென்று, இப்போது அவளும் தன் தலையில் ஒரு குற்றத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஜையைத் துடைத்து நோட்டை விரித்ததும் சொல்லிவிட்டார். கதவில் கை வைத்தது, திரும்பியது, விமானம், பயம், மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபாரம், எல்லாவற்றையும். அவர் முடித்ததும் அவள் கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க?"

"தெரியல. சிரிச்சிருப்பே."

"ஆமா, ரெண்டு நாள் சிரிச்சிருப்பேன். மூணாவது நாள் தனியாப் போயிருப்பேன். அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசுங்க. முழங்கால் நல்லா இருந்துச்சு."

அவருக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றாலும் வாய் வரவில்லை. எத்தனை வருஷத்துக்கென்று கேட்பது? அவள் அழவில்லை, கத்தவுமில்லை. பேனாவை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதினது நான். நீங்க திருத்துங்க."

பத்தொன்பது பக்கத்திலும் இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார். 'ஜன்னல் சீட்டு அவருக்கு' என்பதையும் பத்தொன்பது தடவை அடித்தார். அதற்குள் அவள், அவர் சட்டைப்பையிலிருந்த லீவு ஃபாரத்தை எடுத்து வந்து நோட்டின்மேல் வைத்தாள்.

"முதல்ல அந்த மேனேஜருக்குப் போன் போடுங்க. நான் மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் இதையும் எழுதுங்க."

"இது எதுக்கு? நான்தான் வரலையே."

"டிக்கெட் எடுத்ததும் தேதி சொல்றேன். ஏர்போர்ட் வரைக்கும் பெட்டி தூக்க ஆள் வேணாமா? அது தரையிலதான இருக்கு!"

மெக்கானிக் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளங்கை வேர்த்து, தாளின் ஓரம் ஈரமாயிற்று. நாட்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'மனைவியை வழியனுப்ப' என்று எழுதினார்.