அமாவாசை பஸ்ஸும் கலைமதியின் வயிற்றெரிச்சலும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் கலைமதிதான் மூத்தவள். தொண்டூரில் கூலி வேலை செய்து படிக்க வைத்த நைனாவுக்கு அவளால் ஊரில் தனி மரியாதை. எந்தச் சிக்கல் வந்தாலும் முதலாளி பாண்டுரங்கன், "கலைமதியக் கேளு" என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவள் அங்கே பழியாய்க் கிடந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

தமிழினி வந்து சேர்ந்ததும் அது போச்சு.

மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று போக எந்த ஊர்க்காரர் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறுவது என்று சொல்லும் ஆப் ஒன்றைக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. கலைமதி ஊர்களையும் பஸ்களையும் அட்டவணைகளாக அடுக்கியிருந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால் பதில் வர இழுத்தது. நேற்று வந்த தமிழினியோ, ஊர்களைப் புள்ளிகளாகவும் பஸ்களை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வைக்கும் கிராஃப் டேட்டாபேஸைக் கொண்டுவந்து, நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் சர்வரோடு இணைத்துவிட்டாள். சீயமங்கலம் என்று தட்டிய மறுகணம் வழி வந்தது. பாண்டுரங்கன் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கலைமதிக்கு வயிறு எரிந்தது, பஜ்ஜி எண்ணெயால் அல்ல.

மறுநாள் தமிழினி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, கனெக்‌ஷன் எடுக்குற எடத்த மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க. நீங்க பாத்துட்டா எனக்கு டென்ஷன் இல்ல."

கலைமதி பார்த்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் டேட்டாபேஸிலிருந்து ஒரு கனெக்‌ஷனை எடுக்கிறது. பதில் சொன்னதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கேட்ட ஊருக்கு பஸ்ஸே இல்லையென்றால், "பஸ் இல்லை" என்று சொல்லிவிட்டு, எடுத்ததைத் திருப்பாமலே போய்விடுகிறது. இருக்கும் கனெக்‌ஷன்களோ கொஞ்சம்தான். சாதாரண நாளில் இது தெரியாது. அமாவாசைக் கூட்டத்தில், பஸ் போகாத ஊர்க்காரர்கள் கேட்கக் கேட்க எல்லாம் தீர்ந்து ஆப் நின்றுவிடும். மண்ணைக் கவ்வட்டும் என்றது அவள் மனசு.

"சரியாத்தான் இருக்குது," என்றாள்.

அமாவாசையன்று மத்தியானமே ஆப் நின்றது. போன் மேல் போன். பாண்டுரங்கன் பதறிக்கொண்டு வந்து, "கலைமதி, இன்னா பண்றது?" என்றார். எத்தனை நாளாக ஏங்கிய பேச்சு அது.

"அவ எழுதினது சார், அவளே பாக்கட்டும்."

தமிழினி முகம் வெளுத்துப்போய் சர்வரைத் துருவினாள், பஸ் விவரங்களைத் துருவினாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் கனெக்‌ஷனைத் திருப்பாத அந்த வரிக்கு வந்தாள். திருத்தியதும் ஆப் ஓடியது. அதற்குள் பாதி ஜனம் அதை நம்பாமல் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டது.

"இத முதல்லயே பாக்கறதுக்கு இன்னா?" என்று பாண்டுரங்கன் கடிந்தார்.

"என் தப்புதான் சார்."

"இனிமே இந்த ஆப்ப நீயே பாத்துக்க கலைமதி," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

தமிழினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சரின்னு சொன்ன எடமாச்சே, அதான் அங்க மட்டும் தேடவே இல்லக்கா. உங்க கண்ணுக்கே படலன்னா அது எவ்ளோ நுணுக்கமான தப்பா இருக்கணும்."

குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே அப்படித்தான் நினைத்தாள்.

கேட்டது கையில் கிடைத்தும் கலைமதியால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரையும் இப்படி நம்ப அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதற்கும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.