டீச்சர் ஜன்னல் திறந்தது

கடை ஷட்டரைப் பாதி தூக்கி அப்படியே விட்டுவிட்டு, வாசல் சாக்கடையை மூடியிருக்கும் சிமெண்ட் பலகையின் ஓரத்துக்கு வந்து நிற்கிறார். ஒரு கையில் காபி, மறு கையில் போன். கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொள்கிறார். அந்த இடத்தில் நின்றால்தான் கேபிள் வயர்களுக்கும் பல் டாக்டரின் போர்டுக்கும் நடுவில் எதிர்வரிசை மாடி ஜன்னல் ஒன்று முழுதாகத் தெரியும். போனில் எல்லாம் தட்டி முடித்தாகிவிட்டது. கட்டைவிரல் மட்டும் திரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. ஜன்னல் திறந்து, ஒரு கை வெளியே வந்து தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. விரல் இறங்குகிறது. அதற்கப்புறம்தான் ஷட்டரின் மீதிப் பாதி மேலே போகும்.

மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலைச் செப்புக் கம்பி சுற்றி ஒட்டவைத்திருக்கிறார். அது ஏதோ ஒரு மின்விசிறியின் வயிற்றிலிருந்து வந்தது. தெருவில் அவருக்கு ‘நேரலை’ என்று பெயர். மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார். காரணம், தெருவில் நடப்பதையெல்லாம் அவர் தினமும் காலையில் தன் வலைப்பூவில் எழுதிவிடுகிறார். பெயர் ‘இன்று நம் தெருவில்’.

“பிளாக்கெல்லாம் இப்ப யாருங்க படிக்கிறாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் இந்தக் கேள்வியை வேறொருவரிடம் கேட்கக் கூடாது.

“மிக்ஸி ரிப்பேர் மட்டும் இப்ப யாரு பண்றாங்க? எல்லாரும் புதுசு வாங்கிடறாங்க. அதுக்காகக் கடையை மூடிட்டேனா?” என்றார், திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எழுத்தில் அலங்காரம் கிடையாது. ஒரு நாள் பதிவு இப்படி இருக்கும்: ‘குப்பை வண்டி வந்தது. வழக்கம்போல் திரும்ப முடியாமல் நின்றது. சலவைக்கடைக்காரருக்கும் இரண்டாம் மாடி அம்மாவுக்கும் ஒரு காலர் சம்பந்தமாகப் பேச்சு. தையற்கடை வாசல் விளக்கு பகலிலும் எரிகிறது. டீச்சர் ஜன்னல் திறந்தது.’ அவ்வளவுதான். வானம், மேகம், மாலை வெயில் எதுவும் உள்ளே வராது. “அழகான சாயங்காலம்னு போட்டா யாருக்குப் பிரயோஜனம்? சாயங்காலம் கரண்ட் போச்சுன்னு போட்டா நாலு பேருக்கு உதவும்” என்பது அவர் கட்சி.

படிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தெருவை விட்டுப் போனவர்கள் படிக்கிறார்கள். தெருவிலேயே இருப்பவர்கள் அடுத்த வீட்டில் என்ன என்று எட்டிப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு இதில் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் தினமும் பதிவின் கீழே ஒரு சொல் எழுதுவார்: ‘சரி.’ வாழ்த்து இல்லை, கைதட்டல் இல்லை, வெறும் சரி.

அது டீச்சரின் மகள். வெளிநாட்டில் நர்ஸ். டீச்சர் என்றால் ஊருக்கே டைப்பிங் கற்றுக்கொடுத்து ஓய்ந்தவர். அந்த மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மகள் ஞாயிற்றுக்கிழமை பேசலாம். மற்ற நாளில் “எப்படிம்மா இருக்க?” என்று போன் வந்தால், “நான் என்ன உன் வார்டு பேஷண்டா?” என்று வைத்துவிடுவார். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, மிக்ஸியைக் கொடுக்கும் சாக்கில் கடைக்கு வந்து மகள் கேட்டிருக்கிறாள்: “அண்ணே, எல்லாத்தையும் எழுதறீங்க. எங்கம்மா ஜன்னலையும் ஒரு வரி போட்டுடுங்களேன்.” அன்றிலிருந்து அதுதான் கடைசி வரி. “நைட் டூட்டி முடிச்சு வந்து பாக்கும். பாத்துட்டுத்தான் படுக்கும்” என்று நேரலை என்னிடம் சொன்னார். டீச்சருக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

நேரலையின் மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. வருஷா வருஷம் விடுமுறை உண்டு. வருஷா வருஷம் அதை அலமாரி துடைத்தே கழித்தார். எங்காவது போகலாம் என்றால், “தெருவை யாரு பாத்துக்கறது?” என்பார் இவர்.

“தெரு என்ன அடுப்புல வெச்ச பாலா, பொங்கிடப் போகுதுன்னு பாத்துக்கிட்டே நிக்க?” என்றார் மனைவி ஒருநாள், கடை வாசலில், நாலு பேர் காதில் விழும்படி. “இந்தத் தடவை மலைக்குப் போறோம். நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். வந்தா உங்க போன் என் பையிலதான் இருக்கும், அணைச்சு.”

அந்தக் குரலில் அசைக்க முடியாத ஒன்று இருந்தது. அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? நான் அடக்கத்தோடு முன்வந்தேன்: நீங்கள் இல்லாத நாட்களில் நான் எழுதுகிறேனே. என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேணாங்க. நீங்க எழுதினா குப்பை வண்டிக்குக்கூட மனசு வந்துடும்.”

இத்தனை வருஷம் எழுதி வாங்கிய பாராட்டுகளில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கண்ட வழி வேறு. வலைப்பூவில் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டால், அந்த நாள் வந்ததும் அதுவாகவே வெளியாகும். மற்றவர்கள் இப்படி எழுதி வைப்பதென்றால் பழைய கதை, படித்த புத்தகம், பயணக் குறிப்பு என்று எதையாவது வைப்பார்கள். இவர் உட்கார்ந்து, வரப்போகிற நாட்களின் செய்தியையே எழுதிவிட்டார். திங்களன்று குப்பை வண்டி மாட்டிக்கொண்டது. செவ்வாயன்று காலர் சண்டை. புதனன்று தையற்காரர் விளக்கை அணைக்க மறந்தார். நடக்காததை எழுதுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. “இந்தத் தெரு என்னைக்குங்க மாறியிருக்கு? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்” என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்.

அவர் போன மறுநாளே குப்பை வண்டி மாட்டிக்கொண்டது. தெருவே போனைப் பார்ப்பதும் வண்டியைப் பார்ப்பதுமாகச் சிரித்தது. செவ்வாயன்று இரண்டாம் மாடி அம்மா துணியே போடவில்லை. சலவைக்கடைக்காரர் தானே படியேறிப் போய்க் கதவைத் தட்டி, போன வாரத்துக் காலரைப் பற்றி ஆரம்பித்தார். “நேரலை போட்டுட்டாரே, நாம சண்டை போடலைன்னா மனுஷன் பேச்சு பொய்யாயிடாதா?” என்று இறங்கி வரும்போது என்னிடம் விளக்கம் வேறு. அந்த அம்மாவும் குறை வைக்காமல் ஒத்துழைத்திருக்கிறார்; சத்தம் கடைக்குப் பக்கத்திலிருக்கும் என் அறை வரை கேட்டது.

வியாழக்கிழமை பதிவும் வழக்கமான நேரத்தில் வந்தது. கடைசி வரி: ‘டீச்சர் ஜன்னல் திறந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.’ காலையில் நான் ஒரு வேலையாக வெளியே போய்விட்டு, வெயில் ஏறின பிறகு திரும்பினேன். சலவைக்கடை நிழலில் நின்றபடி போனை எடுத்துப் பார்த்தேன். பதிவின் கீழே ‘சரி’ இருந்தது. தலையைத் தூக்கினேன். வயர்களுக்கு நடுவே தெரிந்த வரையில் ஜன்னல் சாத்தியிருந்தது. தொட்டிச் செடி வெயிலில் வாடியிருந்தது.

“டீச்சர் ஜன்னல் தெறக்கலையா?”

“தெறந்துச்சே” என்றார் சலவைக்கடைக்காரர், இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே.

“நீங்க பாத்தீங்களா?”

பெட்டி நின்றது. “போட்டிருந்துச்சே...” என்றவர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்வார்கள். நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. தெருவே படித்துவிட்டுத் திருப்தியாக இருந்திருக்கிறது. அங்கே ஒரு பெண் இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, இந்த வரியைப் படித்து, சரி என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறாள்.

மாடி ஏறிக் கதவைத் தட்டினோம். உள்ளேயிருந்து குரல் வந்தது, மெலிந்த குரல்தான், ஆனால் அதட்டலுக்குக் குறைவில்லை. “தட்டிக்கிட்டே இருந்தா ஆச்சா? எழுந்துக்க முடிஞ்சா தெறக்க மாட்டேனா?” கடப்பாரையால் தாழ்ப்பாளை நெம்பினார் சலவைக்கடைக்காரர். டீச்சர் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் வழுக்கியிருக்கிறது. கணுக்கால் வீங்கியிருந்தது, உதடு வறண்டிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு முதலில் கேட்டது தாழ்ப்பாளைப் பற்றி. “அதை ஒழுங்கா மாட்டிட்டுத்தான் போகணும்.” ஆஸ்பத்திரியில் எலும்பில் விரிசல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள்.

நான் நேரலையின் மனைவிக்குப் போன் செய்தேன். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மா, “இருங்க, அவர்கிட்ட குடுக்கறேன்” என்றார். அவரிடமும் ஒருமுறை சொன்னேன்.

“பொண்ணுக்கு நான் சொல்லிக்கறேங்க” என்றார் அவர். “பொய் சொன்னது நான்தானே.”

சாலை வளைவில் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, மீதி நாட்களுக்கு எழுதி வைத்ததையெல்லாம் அழித்தார். பிறகு ஒரு பதிவு போட்டார்: ‘இன்று காலை டீச்சர் ஜன்னல் திறக்கவில்லை. நான் ஊரில் இல்லை. பார்க்காமல் எழுதினேன்.’ அதன் கீழே பலர் பல ஆறுதல் எழுதினார்கள். ‘சரி’ வரவில்லை. மறுநாளே ஊர் திரும்பிவிட்டார்கள். பெட்டி கட்டியது மனைவி. “மலையில பாதிதான் பாத்தேன். மீதிப் பாதி எங்கயும் ஓடிடாது” என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெண்மணி மீது எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் இறங்கவில்லை.

தூங்கிக்கொண்டிருந்த மகளைப் போனில் எழுப்பித்தான் நேரலை சொல்லியிருக்கிறார். அவள் கோபப்படவில்லையாம். “சொன்னதுக்கு நன்றிண்ணேன்னு வெச்சிட்டுது. நாலு திட்டு திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்” என்று அன்று முழுவதும் ஒரே மின்விசிறியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ரகசியம் உடைந்ததில் டீச்சருக்குத்தான் வருத்தம். “என் ஜன்னலை என்னைக் கேக்காம ஊருக்கெல்லாம் எழுதிக்கிட்டிருந்தியாப்பா?” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். “சரி, எழுதறதுதான் எழுதற. பாத்து எழுது” என்று விட்டுவிட்டார். கட்டுப் பிரிக்கும் வரை நேரலையின் மனைவிதான் காலையில் போய் ஜன்னலைத் திறந்தார். பதிவும் அப்படியே வந்தது: ‘டீச்சர் ஜன்னலை என் மனைவி திறந்தாள்.’ கீழே ‘சரி’ இல்லை.

கட்டுப் பிரித்து டீச்சர் தானே நடக்கத் தொடங்கிய முதல் காலை. இவர் பலகை ஓரத்தில் நிற்கிறார். ஜன்னல் திறக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவர் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. வழக்கமான நேரம் வந்ததும் இவர் எழுதினார்: ‘டீச்சர் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. நிற்கிறேன்.’ சூடு கண்ட பூனை. நான்கூட மேலே போய்ப் பார்த்துவிடலாமா என்று செருப்பை மாட்டினேன். அப்போது கொக்கி விலகும் சத்தம் கேட்டது. கை வந்தது, தண்ணீர் வந்தது, அப்புறம் முகமே வெளியே வந்தது.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டேன் டீச்சர்!”

‘திறந்தது. பார்த்தேன்’ என்று போட்டார். சற்று நேரத்தில் கீழே அந்த ஒற்றைச் சொல் வந்து உட்கார்ந்தது. போனை என்னிடம் காட்டினார். ஓடிப் போய்ச் சலவைக்கடையில் காட்டினார். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் மிக்ஸியோடு உட்கார்ந்திருந்தவரிடமும் காட்டினார். “என்னங்க சரி?” என்றார் அவர். “எல்லாம் சரிங்க” என்று மிக்ஸியை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி விடுமுறை விட்டார்கள். மனைவி பேச்சே எடுக்கவில்லை. பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார், அவ்வளவுதான். போன வாரம் காலையில் வாசலில் வாடகைக் கார் நின்றது. மலையின் மீதிப் பாதியைப் பார்க்கப் புறப்பாடு. மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹார்ன் அடித்தார். இவர் என் அறைக் கதவைத் தட்டினார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

“இந்தத் தடவை நீங்கதான் எழுதணும்” என்றார்.

“குப்பை வண்டிக்கு மனசு வந்துட்டா?”

“வந்தா வரட்டும். அதை என்னமோ பண்ணிக்கோங்க. கடைசி வரி மட்டும் தெறந்தா தெறந்துது, தெறக்கலைன்னா தெறக்கலை. உங்களுக்குத் தூக்கம் வந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, பாக்காம போடாதீங்க.”

போனின் பூட்டைத் திறந்து என் கையில் வைத்தார். எப்போதும் அதைப் பிடித்தே பழகிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் வாசலுக்கு வந்து மேலே பார்த்தேன். பல் டாக்டரின் போர்டுதான் தெரிந்தது. “இங்க இல்லை” என்றார். ஹார்ன் மறுபடி கேட்டது. அவர் பின்னால் வந்து என் இரண்டு தோள்களையும் பிடித்து, மேசை மின்விசிறியைத் திருப்புகிற மாதிரி நிதானமாக நகர்த்தி, சிமெண்ட் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு என் தலையில் ஒரு விரலை வைத்து, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தார்.