நூற்றிருபத்தெட்டு என்று அச்சடித்த கார்டு

என் கணவருக்குக் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்ன மருத்துவர், கூடவே ஒரு யோசனையும் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் இவரை நிறையப் பேசவைத்துப் பதிவுசெய்துகொண்டால், பிறகு இவர் ஃபோனில் தட்டுவதை இவர் குரலிலேயே ஃபோன் சொல்லுமாம்.

இவர் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். பின்படியில் நின்று கூப்பிட்டால் டிரைவர் காதுவரை எட்டும் குரல்.

என் தம்பி தன் ரெக்கார்டரைக் கொடுத்தான். அதில் போடும் மெமரி கார்டு மட்டும் இல்லை. பழவங்காடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மார்த்தாண்டத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ். இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து முன்னால் போட்டார். ஒன்றில் முப்பத்திரண்டு ஜிபி, மற்றதில் நூற்றிருபத்தெட்டு. ஒன்றில் வட்டத்துக்குள் பத்து, இன்னொன்றில் வி முப்பது என்று ஏதேதோ குறிகள்.

"இதுக்கெல்லாம் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல சேச்சி, எல்லாம் ஒண்ணுதான். பெரிசு எடுத்தா இடம் கூடுதல் கிடைக்கும், கேட்டோ."

பெரியதை வாங்கினேன்.

கரமனை வீட்டில் ரெக்கார்டரை முன்னால் வைத்ததும் இவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "சுவத்தப் பாத்துண்டு என்னத்தடி பேசறது?" என்றார். முதல் சில நாட்கள் செய்தித்தாளை வாசித்தார், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பதுபோல. போட்டுக் கேட்டேன், தெளிவாக இருந்தது. போகப்போகக் கூச்சம் விட்டது. என்னைத் திட்டினார். என் தம்பிபோல் பேசிக் காட்டினார். சில்லறை தராத பயணிகளோடு போட்ட சண்டைகளை, இரண்டு பக்கமும் தானே பேசி, மலையாளமும் தமிழுமாக நடித்தார். ஒவ்வொன்றும் சேமிக்கப்பட்டது என்றே ரெக்கார்டர் காட்டியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் கோப்புகளைத் திறந்தோம். செய்தித்தாள் வாசித்தது மட்டும் பேசியது. மற்றதெல்லாம் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே சத்தம் இல்லை.

கணினி வேலை பார்க்கும் என் அக்கா மகள் கார்டைச் சோதித்தாள். "சித்தி, இது எட்டு ஜிபி கார்டு. நூத்திருபத்தெட்டுன்னு பொய் சொல்லும்படி உள்ள மாத்தி வச்சிருக்கா. எட்டு நிறைஞ்சதுக்கப்பறம் வந்ததெல்லாம் வாங்கிண்டேன்னு சொல்லித்து, ஆனா எதையும் எழுதிக்கல." அந்தக் குறிகளையும் அவள்தான் விளக்கினாள். வட்டத்துப் பத்தும் வி முப்பதும் வீடியோ எடுப்பவர்களுக்கான வேகம். குரலுக்கு எந்த வேகமும் போதும். நான் ஒதுக்கிய முப்பத்திரண்டு நிஜமானதாக இருந்திருந்தால் எல்லாமே அதில் அடங்கியிருக்கும்.

கேட்டவர்களெல்லாம் என்னைத்தான் கேட்டார்கள். "ஒரு காப்பி எடுத்து வைக்கப்படாதோ?" ஏன், ஒருவர்கூடப் பொய்யை அச்சடித்தவனைக் கேட்கவில்லை?

இவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க தண்ணியில போட்டிருப்பீங்க. சாரமில்ல, பரவால்ல, வேற ஒண்ணு தரலாம்" என்றார்.

"வேற குரல் தருவீங்களா? இவர் தொண்டையைப் பாருங்கோ!"

அவர் பார்க்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் கண்ணாடி மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பேருந்தில் இரட்டை மணி என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். போகலாம் என்கிறார். நான் ஓங்கி ஒரே தட்டுத் தட்டினேன். வண்டி நிற்கட்டும். அத்தனை வேதனையிலும் இவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார், சத்தம் வரவில்லை. அதைப் பார்த்ததும் என் ஆத்திரம் இன்னும் ஏறியது.

வாசலில் நின்று, கார்டு கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒரு கல்லூரிப் பெண் கையிலெடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் கடைக்காரர் அந்த வகைப் பாக்கெட்டுகளை உள்ளே அள்ளிப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பக்கம் கோயிலுக்குப் போனபோது அதே பாக்கெட்டுகள் கடைக் கொக்கியில் தொங்கின. நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். தள்ளித் தள்ளி வைக்கிறார்கள்.

மிஞ்சிய பதிவுகளை வைத்து ஃபோனுக்குக் குரல் செய்தாயிற்று. இவர் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் செய்தி வாசிக்கிற இவர். இன்று காலை காப்பியை வாயில் வைத்துவிட்டு முகம் சிவக்க ஃபோனில் தட்டினார். "இதில் சர்க்கரை போடவில்லை" என்று அது நிறுத்தி நிதானமாக, மரியாதையாக அறிவித்தது. இவர் ஃபோனை முறைத்தார். நானும் முறைத்தேன்.