குட்டி நாற்காலியில் சுப்புலக்ஷ்மி மேடம்

சுப்புலக்ஷ்மி மேடம் ஒரு கல்நெஞ்சுக்காரி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நொச்சிக்குப்பம் பால்வாடியில் நான் டீச்சர். மழலையர் ஆசிரியைப் பயிற்சி எடுக்கும் மாணவிகள் எங்கள் பிள்ளைகளிடம்தான் பாடம் நடத்திப் பழகுவார்கள். அதைப் பார்த்து மதிப்பெண் போட மயிலாப்பூரிலிருந்து மேடம் பஸ்ஸில் வருவார். பெரிய நாற்காலி போட்டால் வேண்டாம் என்பார். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க, சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். மாணவி எப்படித் தடுமாறினாலும் சரி, வாயே திறக்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்?

அன்று அனுப்ரியா என்ற மாணவிக்குக் கடைசி வாய்ப்பு. முந்தின முறை பாடத்தின் நடுவில் அழுதுவிட்டவள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா, இந்தத் தடவையும் தேறாவிட்டால் படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிடு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காக்கா பொம்மையை விரலில் மாட்டிக்கொண்டு கதையைத் தொடங்கினாள். பாதியில் வெளியே படகு கரையேறும் சத்தம். அவ்வளவுதான், மொத்தப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு ஓடிவிட்டார்கள். காலிப் பாய்க்கு முன்னால் அனுப்ரியா திகைத்து நின்றாள். கண் கலங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்தேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உட்காருங்கோ.”

“இன்னா மேடம், பொண்ணு அழுவப் போவுது!”

மேடத்தின் பிடிதான் இறுகியது. என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தே போனது.

அனுப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மெல்ல ஜன்னலுக்குப் போய், பிள்ளைகள் நடுவே முட்டிபோட்டாள்.

“அது யாரு படகு?”

“எங்க நைனாவுது!” என்றான் கபாலி.

“உங்க நைனா இந்தக் காக்காவுக்கு ஒரு மீன் குடுப்பாரா?”

குடுப்பார், குடுக்க மாட்டார் என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. காக்கா கெஞ்சியது, கோபித்துக்கொண்டது, கடைசியில் மீனோடு பறந்தது. ஜன்னலோரமே கதை முடிந்தது. நான் விசிலடிக்காத குறை. அனுப்ரியா தேறிவிட்டாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் மேடம் என் மணிக்கட்டைப் பார்த்துப் பதறிப்போனார்.

“அச்சச்சோ, வளையலை உடைச்சுட்டேனே!”

“பரவால்ல மேடம். நீங்க புட்ச்சிக்கினதாலதான் நான் உக்காந்தேன்.”

“உங்களை உட்கார வைக்கவா பிடிச்சேன்?” என்றார். “நானே எழுந்து அவகிட்ட ஓடிடப்போறேனேன்னு பிடிச்சுண்டேன்.”